அக்டோபருக்கு ஒரு அறை

— பன்னெண்டாம் நம்பர்தான் வேணும். வேற ரூமுன்னா நான் வரல.

— வராட்டிப் போ. நான் மட்டும் போயி நல்லாத் தூங்கிட்டு வர்றேன். ஓடைப் பக்கம் ஏழாம் நம்பர் இருக்கு நெஸ்டர். ஜன்னலைத் தொறந்தா தண்ணி ஓடற சத்தம் கேக்கும்.

— தண்ணிச் சத்தம் கேக்கவா முப்பதாவது கல்யாண நாளுக்குப் போறோம்? என் கொட்டடியில குழாய் ஒழுகிட்டே கெடக்கு. தெனமும் அதைக் கேட்டுட்டுத்தான் படுக்கறேன். எனக்குப் பாறை தெரியணும் கிழவி. படுத்த எடத்துலேர்ந்து கண்ணைத் தொறந்தா செவப்பா மலை நிக்கணும்.

— ஏழுலேர்ந்தும் தெரியும். கொஞ்சம் கழுத்தை நீட்டிப் பாக்கணும், அவ்வளவுதான்.

— கழுத்தை நீட்டிப் பாக்கறதெல்லாம் இந்த ஜெயிலோட போகட்டும்.

— மெதுவாப் பேசு. அந்த ஆபீசர் இங்கயேதான் பாக்கறாரு. புரிட்டோவைச் சாப்பிடு, ஆறிடப் போகுது. மெஷின்ல கடைசி ஒண்ணு அதுதான். எனக்கு முன்னால நின்ன பொம்பளை, எடுத்துக்கோங்கன்னு விட்டுக் கொடுத்தா.

— யாரைப் பாக்க வந்தவ?

— மகனை. மொத வாட்டி வர்றாளாம். எங்க உக்காரணும், கையை எங்க வைக்கணும்னு எங்கிட்டக் கேட்டா. ரெண்டு கையும் மேசை மேல, வந்ததும் ஒரு தடவை கட்டிக்கலாம், போகும்போது ஒரு தடவைன்னு சொல்லிக் கொடுத்தேன். நான் என்னமோ இங்க வேலை பாக்கறவ மாதிரி.

— ஒன்பது வருஷமாச் சனிக்கிழமை தவறாம வர்றே. வேலை பாக்கறவங்க கூட அவ்வளவு நாள் நிக்கறதில்ல. அது இருக்கட்டும். ரூமுக்கு வா.

— ஏழு.

— ஏன் இப்படி அடம் பிடிக்கறே? எப்பவும் நான் பன்னெண்டுன்னு சொன்னா சரிம்பே, இல்லைன்னா பேச்சை மாத்துவே. இன்னைக்கு என்னமோ ஏழு ஏழுன்னு ஏலம் போடறே.

— சரி, கேளு. அந்த விடுதியில பதினெட்டு வருஷமா ரூம் சுத்தம் பண்றவ நான். எந்த ரூம்ல எந்தக் கதவு இழுக்கும், எந்தத் தொட்டியில தண்ணி நிக்கும்னு எனக்கா நீ சொல்லித் தர்றே?

— நான் மட்டும் என்ன, அந்த விடுதி வாசல்லதானே ஜீப்பை நிறுத்தி, பாறையெல்லாம் சுத்திக் காட்ட ஜோடி ஜோடியா ஏத்திட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்து எறங்கறப்போ அத்தனை பேரும் ஒண்ணுதான் சொல்லுவாங்க. பன்னெண்டு கெடைக்கல, அடுத்த தடவை பன்னெண்டுதான் எடுக்கணும்னு. குளிக்கிற தொட்டிக்கு நேரா ஜன்னலாமே. தண்ணியில கெடந்துக்கிட்டே பாறையைப் பாக்கலாமாமே.

— பாக்கலாம். அந்தத் தொட்டியை முட்டி போட்டுத் தேய்க்கறப்போ நானும் பாத்திருக்கேன். நல்லாத்தான் இருக்கும்.

— அப்புறம் என்ன?

— வயசு என்ன ஆச்சு நமக்கு? தொட்டியில எறங்கிட்டா யாரு தூக்கி விடறது?

— சிரிக்கறே பாரு. அதான் வேணும் எனக்கு. சரி, ரூமை அப்புறம் பாப்போம். வெள்ளிக்கிழமை மத்தியானம் போயி எறங்கறோம். நீ என்ன உடுத்தியிருக்கே?

— பச்சை கவுன்.

— எந்தப் பச்சை?

— உங்க அக்கா மகளோட கல்யாணத்துக்குப் போட்டது. இன்னும் பத்துது. பின்னால ஒரு பொத்தான் மட்டும் போட வர்றதில்ல.

— வரவேற்பு மேசையில இருக்கற பொண்ணு என்ன சொல்றா?

— மொதல்ல யூனிஃபார்ம் எங்க அடேலான்னு கேப்பா. நான் பெட்டியைத் தரையில வச்சுட்டு, ரெண்டு பேருக்கு ரூம் பதிவு பண்ணியிருக்கேன்னு சொல்லுவேன். அவ மேனேஜரைக் கூப்பிடுவா.

— மேனேஜரு?

— அவரு நல்லவருதான். சாவியைக் கொடுத்துட்டு, பெட்டியைத் தூக்கிட்டு வர ஆளு அனுப்பட்டுமான்னு என்னையே கேப்பாரு. நான் அனுப்புங்கன்னு சொல்லுவேன்.

— சொல்லு. கண்டிப்பாச் சொல்லணும். கட்டில் மேல ரோஜா இதழ் தூவச் சொல்லட்டுமா?

— வேண்டவே வேண்டாம். தூவறவங்களுக்கு என்ன தெரியும். ராத்திரி மேல படுத்து நசுக்கிடுவாங்க, துணியில ஊதாக் கறை பிடிச்சுக்கும், எத்தனை வெளுத்தாலும் போகாது. அதுக்கு மேல அந்தச் செம்மண் தூசி வேற. நடந்துட்டு வந்த காலோட அப்படியே ஏறிப் படுப்பாங்க. என் வீட்டுக் குளியலறையில கூட என் கால்லேர்ந்து செவப்பாத்தான் தண்ணி போகுது.

— சரி, பூ வேண்டாம். காலையில?

— காலையில எந்திரிச்சு, கட்டிலைத் திரும்பிக்கூடப் பாக்காம, போர்வையெல்லாம் கலைஞ்சபடியே போட்டுட்டு வெளிய போகணும். வாழ்க்கையில ஒரு தடவை.

— உன்னால முடியாது. கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து மூலையை மடிச்சுச் செருகுவே.

— இல்ல, போட்டுட்டு வருவேன். பாத்துக்கோ.

— பசியாறலுக்கு நீலச்சோள மாவுல பான்கேக். மேல சப்பாத்திக்கள்ளிப் பழத்துப் பாகு. நீ ரெண்டு, நான் நாலு. உன்னோடதுல பாதியையும் நான் தின்னுடுவேன். காபி வராந்தாவுல. அப்போ வெயில் வந்து பாறையோட உச்சியை மட்டும் தொடும். கீழ எல்லாம் இன்னும் ஊதாவா இருக்கும், மேல மட்டும் அடுப்புத் தணலு மாதிரி. நான் அதைப் பாத்துட்டே இருப்பேன். வெளிச்சம் எறங்கி எறங்கி ஓடை வரைக்கும் வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். நீ வம்பு பேசாம பக்கத்துல உக்காந்திருக்கணும்.

— ஏன் நெஸ்டர், இன்னைக்கு ஒண்ணொண்ணா இவ்வளவு வெவரமாச் சொல்றே? எப்பவும் பான்கேக் வரைக்கும்தான் வருவே. அதுக்கப்புறம் உனக்கே பசிச்சுடும்.

— சொல்லணும்னு இருந்துச்சு. சொல்றேன். சாயங்காலம் எங்க போறோம் தெரியுமா?

— ஏரோட்ராம் மேட்டுக்கு. சூரியன் விழறதைப் பாக்க ஊரே அங்கதான் நிக்கும்.

— அங்க எவன் போவான். போன் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கறவங்க முதுகுதான் தெரியும். தேவாலயத்துக்குப் பின்பக்கம் ஒரு மண் பாதை போகும் பாத்தியா, அது முடியற எடத்துல மேடை மாதிரி ஒரு பாறை. சூரியன் விழறப்போ உக்காந்திருக்கற கல்லே சூடா இருக்கும், காத்து மட்டும் குளிரும். அங்க ஒரே ஒரு ஜூனிப்பர் மரம், முறுக்கிப் பிழிஞ்ச துணி மாதிரி நிக்கும். யாருமே வர மாட்டாங்க.

— அங்க எப்படிப் போறது?

— என்ன எப்படி?

— யாரு ஓட்டறது?

— …நீதான்.

— என் வண்டி அந்த வழியில ஏறாது.

— அப்போ நடப்போம். நான் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் அடேலா. அது உனக்கே தெரியும்.

— தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் இந்த எடம் வந்ததும் நீ தாண்டிப் போயிடறே. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போயிடுவே, பச்சை மிளகா போட்ட ஆட்டுக்கறின்னுவே. நானும் விட்டுடுவேன். இன்னைக்கு விட மாட்டேன். விடுதலை மனுவை விசாரிக்கற குழு முன்னால நிறுத்தினாங்களே, அன்னைக்கு என்ன பேசினே?

— அது இருக்கட்டும்.

— எத்தனை நாளைக்கு இருக்கும்? அன்னைக்கு நான் லீவு கேட்டேன், கெடைக்கல. துணி மடிச்சுக்கிட்டே, இப்போ பேசிட்டிருப்பானா, முடிஞ்சிருக்குமான்னு நினைச்சுட்டிருந்தேன். எங்கிட்டச் சொல்லு. அங்க சொன்ன மாதிரியே சொல்லு.

— நேர்ல யாரும் இல்ல. டிவியில தெரிஞ்சாங்க, அஞ்சு பேரு. நடந்ததைச் சொல்லுன்னாங்க.

— சொல்லு.

— அன்னைக்கு எனக்கு லீவு நாள். மத்தியானம் உன் தம்பி வீட்ல ரெண்டு பீர் குடிச்சேன். சாயங்காலம் கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சு. ஓட்ட வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல், நாப்பதாவது கல்யாண நாளுன்னு ஒரு வயசான ஜோடி வந்து காத்துட்டிருக்காங்க, ஒரு நடை போயிட்டு வந்துடறியான்னு. குடிச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை போதும். சொல்லல. ரெண்டு பீர்தானேன்னு நினைச்சேன்.

— உம்.

— அந்தப் பெரியவரு ஹால்வர்சன்னு பேரு சொன்னாரு. மின்னசோட்டாக்காரங்க. பின்சீட்ல கையைக் கோத்துட்டு உக்காந்திருந்தாங்க. அந்தம்மா ஒவ்வொரு பாறையாப் பேரு கேட்டுட்டே வந்தாங்க. பேரில்லாத பாறைக்கெல்லாம் நானே ஒரு பேரு வச்சுச் சொன்னேன், சிரிச்சாங்க. இன்னும் கொஞ்சம் மேல போனா சூரியன் தெரியுமான்னு கேட்டாங்க. முந்தின நாள் மழை. அந்தச் சரிவுல நான் கண்ணை மூடிட்டு ஏறுவேன். பின் சக்கரம் வழுக்குச்சு. குடிக்காம இருந்திருந்தா அன்னைக்கு ஏறியிருப்பேனான்னு குழுவுல கேட்டாங்க.

— என்ன சொன்னே?

— ஏறியிருக்க மாட்டேன்னு சொன்னேன். அதான் உண்மை.

— அப்புறம்?

— வண்டி உருளறப்போ அந்தம்மா புருஷன் பேரைக் கூப்பிடல அடேலா. என் பேரைக் கூப்பிட்டாங்க. நெஸ்டர்னு. ஓட்டறவன் எப்படியும் காப்பாத்திடுவான்னு நினைச்சிருக்காங்க.

— இதை நீ கோர்ட்ல சொல்லல.

— கோர்ட்ல கேக்கல. கேட்டதுக்குத்தான் பதில் சொல்ல விட்டாங்க. இவங்க கேட்டாங்க. அப்புறம் வெளிய வந்தா என்ன செய்யப் போறேன்னாங்க. வேலை கீலைன்னு வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தாரு. அது வாய்ல வரல. என் பொண்டாட்டியோட கல்யாண நாளுக்கு ஒரு எடத்துக்குப் போகணும்னு சொன்னேன். எங்கன்னு கேட்டாங்க. எங்கன்னு சொன்னேன்.

— அந்த விடுதிக்குன்னா சொன்னே?

— அதைத்தானே ஒன்பது வருஷமாப் பேசிட்டிருக்கோம். பன்னெண்டாம் நம்பர், தொட்டி, ஜன்னல், எல்லாத்தையும் சொல்லிட்டேன். அஞ்சு பேரும் எழுதறதை நிறுத்திட்டாங்க. அப்போதான் எனக்கே உறைச்சுது, அந்தம்மா உசிரு போன ஊரையே சொல்லிட்டிருக்கேன்னு.

— ஐயோ நெஸ்டர்.

— திட்டாதே. திட்டறதுக்கு இங்க நெறையப் பேரு இருக்காங்க.

— திட்டல. ஒரு சேதி உங்கிட்டச் சொல்லணும். பன்னெண்டு வேண்டாம்னு நான் ஏன் சொல்றேன்னு.

— சொல்லு. பேய் கீய் இருக்கா அங்க?

— அக்டோபர்ல அந்த ரூம்ல ஆள் இருக்கும். வருஷா வருஷம்.

— யாரு?

— ஹால்வர்சன்.

— எந்த ஹால்வர்சன்?

— நமக்கு எத்தனை ஹால்வர்சன் இருக்காங்க?

— அவங்க அன்னைக்குப் பன்னெண்டுலதான் தங்கியிருந்தாங்களா?

— ஆமா. அடுத்த வருஷம் அதே தேதிக்கு அவரு ஒத்தையா வந்தாரு. நான் தெரியாம துணி வண்டியைத் தள்ளிட்டுப் போயிக் கதவைத் தட்டினேன். ஷூவைக் கூடக் கழட்டாம கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தாரு. கோர்ட்ல தூரத்துலேர்ந்து பாத்த முகம், டக்குனு தெரிஞ்சுது. அவருக்கு என்னைத் தெரியல. துண்டு வச்சுட்டு வந்துட்டேன். வந்து துணிக் கிடங்குல உக்காந்து, ஒரு மணி நேரம் கதவைத் தொறக்கல.

— ஒன்பது வருஷமா நான் அந்த ரூமுக்குள்ள உன்னைக் கூட்டிட்டுப் போறேன். கட்டில்ல படுக்க வைக்கறேன். நீ சும்மா கேட்டுட்டிருந்தே.

— வேற என்ன பண்ணச் சொல்றே? வாரம் பூரா நீ அதுக்காகக் காத்திருக்கே. அதைச் சொல்றப்போதான் உன் முகத்துல ரத்தம் ஓடுது. அதையும் பிடுங்கிட்டு நான் வீட்டுக்குப் போகணுமா?

— …மேல சொல்லு.

— கட்டில்ல அவரு ஒரு பக்கம்தான் படுப்பாரு. இன்னொரு பக்கம் தலையணை கூட நசுங்கியிருக்காது. அந்தப் பக்கத்தையும் நான் உருவிப் புதுசா விரிப்பேன். படுக்காத துணியைத் தொவைக்கப் போடுவேன். நாலாவது வருஷமோ என்னமோ, மேசைப் பொண்ணு யாரோ வாய் தவறி என் குடும்பப் பேரைச் சொல்லிட்டா, நான் உன் பொண்டாட்டின்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு முழுக்க அவரு வெளிய வரல. ரூம் மாத்துவாரு, இல்லைன்னா என்னை வேலையை விட்டு எடுக்கச் சொல்லுவாருன்னு நினைச்சேன்.

— என்ன பண்ணினாரு?

— மறுநாள் காலையில கதவைத் தட்டினா, கட்டில் விரிச்சாச்சு. அவரே விரிச்சிருக்காரு. மூலையெல்லாம் கோணல் மாணலா. ‘இந்தப் படுக்கையை உங்க கையால விரிக்க வைக்கறது சரியில்ல, இது தெரியாம இத்தனை வருஷம் இருந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க’ன்னாரு. அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு நெஸ்டர். அதுலேர்ந்து வருஷா வருஷம் அவரே விரிச்சுக்கறாரு. நான் காபிப் பொடியும் துண்டும் வச்சுட்டு வருவேன். ரெண்டு வார்த்தை பேசுவோம்.

— என்னத்தைப் பேசுவீங்க?

— முட்டி வலி, மழை பெஞ்சுதா இல்லையா. ஒரு தடவை நீ இங்க நல்லாத் தூங்கறியான்னு கேட்டாரு.

— என்னைப் பத்தியா கேட்டாரு?

— ஆமா. இல்லைன்னு சொன்னேன். நல்லதுன்னும் சொல்லல, பாவம்னும் சொல்லல. தலையை ஆட்டிக்கிட்டாரு. சாயங்காலமானா பிளாஸ்க்ல காபி எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவாரு. டாக்சிக்காரன் பாதை முடியற எடம் வரைக்கும் கொண்டு போயி விடுவான்.

— எந்தப் பாதை?

— நீ இப்போ சொன்னியே, தேவாலயத்துக்குப் பின்னால. அந்த ஜூனிப்பர் மரம். அதுக்கு மேலதானே அந்தச் சரிவு. அவங்க சாம்பலை அவரு அங்கதான் தூவினாரு.

— அங்கயா?

— ஆமா. ஊர்ல வீட்டுப் பக்கம் கல்லறை எதுவும் கெடையாதாம். அந்தம்மாவுக்குன்னு இருக்கறது அந்தப் பாறை மட்டும்தான்னு சொன்னாரு.

— …இப்பப் புரியுது.

— என்ன புரியுது?

— ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியாது அடேலா. அந்த எடத்துல தூவினது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா குழு முன்னால வாயைத் தொறந்திருக்கவே மாட்டேன். சொல்லு, இந்த வருஷம் வந்தாரா?

— போன அக்டோபர்ல வந்தாரு. கையில ஊன்றிக்கிட்டு நடக்கற சட்டம் ஒண்ணோட. இனிமே வர முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். கெளம்பற அன்னைக்கு என்னை உக்காரச் சொன்னாரு. ‘உங்க புருஷனோட மனு குழுவுக்கு வரப்போகுது, அவங்க என்னையும் கேப்பாங்க, நான் என்ன சொல்லணும்னு நீங்க நினைக்கறீங்க’ன்னாரு.

— உன்னையே கேட்டாரா?

— என்னையே. கண்ணைப் பாத்துக் கேட்டாரு. நெஸ்டர், எனக்கு வாய் வரல. விடச் சொல்லுங்கய்யான்னு ஒரு வார்த்தை. அவரு கால்ல விழுந்திருக்கலாம். அந்த நசுங்காத தலையணை பக்கத்துலயே இருக்கு, என்னன்னு கேப்பேன்? ‘உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லுங்க’ன்னேன். காலியா இருந்த பிளாஸ்கை வாங்கிக் கழுவிக் கொடுத்தேன். வந்துட்டேன்.

— சரியாத்தான் சொல்லியிருக்கே.

— சரியா? உன் பொண்டாட்டி நான். உனக்காகக் கேக்க வேண்டிய ஒரே எடத்துல கேக்காம வந்திருக்கேன். குழு இல்லைன்னு சொன்னா அது என்னாலதான். அதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன். நீ பாட்டுக்குப் பான்கேக் கதை பேசிட்டிருக்கே.

— கிழவி, இங்க பாரு. அழாதே. நீ கேட்டிருந்தா நான் உன்னை மதிச்சிருக்க மாட்டேன்.

— பேசாதே. உனக்கென்ன, பெரிய மனுஷன் மாதிரிப் பேசிடுவே. வீட்டுக்குப் போயி ஒத்தையா உக்காந்திருக்கறது யாரு? எங்க அக்கா அவ இருக்கற யூமாவுக்கே வந்துடு, வந்துடுன்னு உசிரை வாங்கறா. இந்தக் கொல்லையில நின்னா பாறை தெரியுது, இதை விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன், அவன் இங்கதான் திரும்பி வருவான்னு சொல்லிட்டே இருக்கேன். எனக்கும் அந்த மலையைப் பாக்காம ஒரு நாள் விடியாது.

— தெரியும்.

— பெருசாத் தெரியும்.

— மேடம், நெஸ்டர், இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.

— சரிங்க ஆபீசர். …அடேலா. குழுவோட முடிவு வந்துருச்சு.

— எப்போ?

— புதன்கிழமை.

— புதன்கிழமை வந்ததை மடியில வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் ரூம் நம்பருக்குச் சண்டை போட்டே? இல்லைன்னுட்டாங்க. அதானே? நேராச் சொல்லிடு. இல்லைன்னு கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப் போச்சு.

— விட்டுடறாங்க.

— என்ன?

— அடுத்த மாசம் என்னை வெளிய விட்டுடறாங்க, கிழவி.

— திரும்பச் சொல்லு.

— நான் வெளிய வர்றேன்.

— மேடம், அழுங்க, பரவாயில்ல. கையை மட்டும் மேசை மேல வச்சுக்கோங்க.

— வச்சுக்கறேன் சார். வச்சுக்கறேன். இவரை விடப் போறாங்களாம் சார்.

— தெரியும் மேடம். நல்லா இருங்க.

— நெஸ்டர், இந்த ஆளுக்குக் கூடத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. உன்னை என்ன செஞ்சாத் தகும். அடுத்த மாசம்னா இன்னும் வெயில் எறங்கியிருக்காது. உன் சட்டையெல்லாம் எடுத்துக் காயப் போடணும். அந்தச் சாம்பல் கலர் கோட்டுல பூச்சி விழுந்திருக்கும். கொல்லைப் பக்கக் கதவு தரையில ஒரசுது, வந்ததும் மொதல்ல அதைச் சீவி விடு.

— விடறேன்.

— அப்புறம் அக்டோபர். ஐயோ, அக்டோபர் நெசமாவே வரப் போகுது. திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட நானே பேசறேன். வேலை செய்யறவங்களுக்குக் கொறச்சுத் தருவாங்க, இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவை கேட்டதில்ல. பன்னெண்டு வேண்டாம், அது அவங்களுக்கே இருக்கட்டும். ஏழு. கட்டிலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டா நீ கழுத்தை நீட்ட வேண்டியதில்ல, படுத்தபடியே தெரியும். நான் இழுத்துப் பாத்திருக்கேன்.

— எப்போ இழுத்துப் பாத்தே?

— எப்பவோ. ஆள் இல்லாதப்போ. நீ பன்னெண்டு பன்னெண்டுன்னு சொல்லிட்டு இருந்தப்போ நான் ஏழுல எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணி வச்சாச்சு. வராந்தாவுல ரெண்டு நாக்காலி. ஒண்ணு கொஞ்சம் ஆடும், அது உனக்கு.

— நிறுத்தாதே. சொல்லு. அப்புறம்?

— அப்புறம் பான்கேக், உனக்கு நாலு. அப்புறம் ஓடையில கால் வச்சு உக்காந்திருப்போம். மறுநாள் சாயங்காலம் அந்தப் பாறைக்கும் போயிட்டு வரணும் நெஸ்டர். ஏறி இல்ல, கீழேயே நின்னுட்டு. இந்த வருஷம் அவருதான் வர மாட்டாரே. அந்தம்மாவுக்கு யாராவது போகணும்ல. நீயும் நானும் போயி ஒரு பூ வச்சுட்டு, ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவோம். அவருக்கும் ஒரு போன் போட்டு, போயிட்டு வந்தோம்னு சொல்லிடலாம். என்ன, என்னையே பாத்துட்டிருக்கே? போகலாம்ல?

— விடுங்கன்னு குழுகிட்டச் சொன்னதே அவருதான் அடேலா, நான் பேசினதையெல்லாம் அன்னைக்கு அவரும் போன்ல கேட்டுட்டுத்தான் இருந்திருக்காரு. பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம், அந்தப் பாறைங்க கண்ணுக்குத் தெரியற தூரத்துக்குள்ள நெஸ்டர் சாகற வரைக்கும் வரக் கூடாதுன்னு, நான் சரின்னு சொல்லிட்டேன்.